கை வைத்தால் திறக்க வேண்டும்

மோட்டார் வைத்த கதவுள்ள எலக்ட்ரிக் கார் வாங்கப் போகிறேன் என்று யாராவது வந்து சொன்னால், ஒரு சார்ஜில் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று நான் கேட்பதில்லை. வண்டியில் சுத்தமாகக் கரண்ட் இல்லாதபோது பின்சீட்டில் இருப்பவர் எப்படி வெளியே வருவார் என்றுதான் கேட்பேன். முன்சீட்டுக்கு என்ன வழி என்று பலருக்குத் தெரிந்திருக்கிறது. பின்சீட்டைப் பற்றிக் கேட்டால் "அங்கேயும் ஏதாவது இருக்குமே" என்கிறார்கள். இருக்கும். அது எங்கே இருக்கிறது, யாருடைய கைக்கு எட்டும் என்பதுதான் என் கவலை.

நான் கார் எலக்ட்ரீசியன். சென்ட்ரல் லாக், பவர் விண்டோ என்று தொடங்கி, இப்போது தானாகத் திறந்து மூடும் கதவுகள் வரை வந்திருக்கிறேன். கதவின் உள் அட்டையைக் கழற்றி, கதவைப் பிடித்து வைக்கும் லாட்ச்சையும் வயரையும் பார்ப்பதுதான் அன்றாட வேலை. அதனால் ஷோரூமில் சொல்லாமல் விடுகிற சில விஷயங்களை எழுத முடியும் என்று நினைக்கிறேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்தக் கதவுகளை வெறும் ஆடம்பரம் என்று நான் ஒதுக்கவில்லை. என் மாமியாருக்கு முடக்குவாதம். விரல்கள் எல்லாம் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்துவிட்டன. சாதாரணக் காரின் கைப்பிடியை இழுப்பதும், உட்கார்ந்த பிறகு அவ்வளவு கனமான கதவை இழுத்துச் சாத்துவதும் அவரால் முடியாது. எப்போதும் யாராவது இறங்கிச் சுற்றி வந்து திறந்துவிட வேண்டும். மச்சான் வாங்கிய காரில் நாலு கதவும் பொத்தானில் வேலை செய்யும். அத்தை விரலை மடக்கி, முட்டியால் அழுத்துவார். கதவு திறக்கும். உட்கார்ந்து இன்னொரு முறை அழுத்தினால் மூடிக்கொள்ளும். "இனி யாரையும் எதிர்பார்த்து நிக்க வேண்டாம் மாப்பிள்ளை" என்று அவர் சொன்னபோது அந்தக் குரலில் இருந்த நிம்மதி எனக்குப் பெரிய விஷயம். அவரைப் போன்றவர்களுக்காகவே இந்தக் கதவுகள் ஒழுங்காகச் செய்யப்பட வேண்டும்.

சரி, உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

கதவுக்கும் வண்டியின் உடலுக்கும் நடுவே, கீல் இருக்கும் பக்கத்தில், ஒரு சின்ன மோட்டார் இருக்கும். பல வண்டிகளில் அது ஒரு திருகுத் தண்டைச் சுழற்றும். தண்டு நீண்டால் கதவு திறக்கும், சுருங்கினால் மூடும். மோட்டார் சுற்றச் சுற்ற, காந்தத்தை உணரும் ஹால் சென்சார் ஒன்று துடிப்புகளை அனுப்பிக்கொண்டே இருக்கும். கதவு எங்கே இருக்கிறது, என்ன வேகத்தில் போகிறது என்று கண்ட்ரோல் யூனிட் கணக்குப் போடுவது அந்தத் துடிப்புகளை எண்ணித்தான். துடிப்பு சட்டென்று மெதுவானாலோ, மோட்டார் இழுக்கும் கரண்ட் ஏறினாலோ, எதிலோ இடிக்கிறது என்று எடுத்துக்கொண்டு நிறுத்தும், அல்லது கதவைப் பின்னுக்கு இழுக்கும்.

சிக்கல் இங்கேதான். வண்டி மேட்டில் நின்றாலும் கரண்ட் ஏறும். எதிர்க்காற்று அடித்தாலும் ஏறும். குளிரில் ரப்பர் பீடிங் விறைத்துப்போனாலும், கீலில் தூசி சேர்ந்து இறுகினாலும் ஏறும். நடுவில் சிக்கியது குழந்தையின் விரலா, வீசுகிற காற்றா என்று மோட்டாருக்குத் தெரியாது. இந்த அளவைத் தாண்டினால் நிறுத்து என்று யாரோ சாஃப்ட்வேரில் ஓர் எண்ணை எழுதி வைத்திருக்கிறார், அவ்வளவுதான். அந்த எண்ணைக் குறைவாக வைத்தால் காற்றடித்தாலே கதவு பாதியில் நிற்கும், வாடிக்கையாளர் புகார் சொல்லுவார். கூட்டி வைத்தால் புகார் குறையும், நசுங்கும் ஆபத்து கூடும். இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்பது என்பதை ஒரு பொறியாளர் முடிவு செய்கிறார். அந்த முடிவைப் பிறகு ஓர் அப்டேட்டில் மாற்றவும் முடியும். அதனால்தான் பெரிய அப்டேட் ஏதாவது வந்தால் கதவுகளை மறுபடி சோதித்துப் பாருங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். துண்டை விரல் கனத்துக்குச் சுருட்டி இடுக்கில் வைத்துப் பார்த்தால் போதும். சொந்த விரலை வைத்துப் பார்க்கவே வேண்டாம்.

துண்டைக் கதவின் வெளி விளிம்பில் மட்டும் வைத்துப் பார்ப்பதும் போதாது. ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தானாக மூடும் கார்க் கண்ணாடிகளுக்கு ஐ.நா. வாகன விதி 21-லும் அமெரிக்காவின் வாகனப் பாதுகாப்பு விதியான எஃப்.எம்.வி.எஸ்.எஸ். 118-லும் ஒரு வரம்பு இருக்கிறது. அழுத்தம் 100 நியூட்டனைத் தாண்டுவதற்குள் கண்ணாடி திரும்பிவிட வேண்டும். ஏறத்தாழ 10 கிலோ எடை அழுத்துவதற்குச் சமம். கதவுக்கும் அதே 100 நியூட்டன் என்று வைத்துக்கொள்வோம். கீலிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி இருக்கும் விளிம்பில் அது 100 நியூட்டன். அதே முறுக்குவிசை கீலிலிருந்து 10 சென்டிமீட்டரில் 1000 நியூட்டன் ஆகிவிடும். அதாவது ஏறக்குறைய 100 கிலோ. விளிம்பில் மென்மையாகத் தொட்டுப் பின்வாங்குகிற கதவு, கீல் இடுக்கில் எலும்பை உடைக்கும்.

அந்த இடுக்கில் யார் கை வைக்கப் போகிறார்கள் என்று கேட்பவர்கள், முன்சீட்டிலிருந்து வயதானவர் ஒருவர் எழுவதைக் கவனித்துப் பாருங்கள். இரண்டு கதவுக்கும் நடுவில் உள்ள தூணைப் பிடித்துக்கொண்டுதான் எழுவார். அந்த நேரம் பின்கதவும் திறந்திருந்தால் அவருடைய விரல் நுனிகள் பின்கதவின் கீல் இடுக்குக்குள் இருக்கும். அப்போது பின்சீட்டில் இருக்கும் பேரன் விளையாட்டாகப் பொத்தானை அழுத்தினால்? கையால் சாத்தும் கதவில் சாத்துகிறவர் முன்னால் பார்ப்பார், அலறல் கேட்டால் உடனே நிறுத்துவார். மோட்டாருக்குக் கண்ணும் கிடையாது, காதும் கிடையாது. மச்சான் வண்டியில் பின்கதவுப் பொத்தான்களை ஓட்டுநர் திரையிலிருந்து முடக்க முடிகிறது. பிள்ளைகள் ஏறினால் முதல் வேலையாக அதைச் செய்யச் சொல்லியிருக்கிறேன்.

சாஃப்ட் குளோஸ் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். கதவு லாட்ச்சில் இரண்டு படி உண்டு. பாதி பூட்டு, முழுப் பூட்டு. பாதி பூட்டு விழுந்ததும் லாட்ச்சுக்குள் இருக்கும் இன்னொரு மோட்டார் கதவை உள்ளே இழுத்து முழுப் பூட்டுக்குக் கொண்டுபோகும். ரப்பர் பீடிங்கை நசுக்கி மூட வேண்டும் என்பதால் அந்தக் கடைசிச் சில மில்லிமீட்டரில் விசை மிக அதிகம். கதவு மூடியாச்சு என்று நினைத்து விளிம்பில் விரலை வைத்துத் தள்ளிப் பார்க்கும் பழக்கம் பலருக்கு உண்டு. தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள்.

அப்புறம் வெளிப்பக்க சென்சார்கள். கதவு திறக்கும்போது சுவரிலோ பக்கத்து வண்டியிலோ இடிக்காமல் இருக்க அல்ட்ராசோனிக் சென்சாரோ ரேடாரோ இருக்கும். அல்ட்ராசோனிக் சென்சார் ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்கும். எதிரே அகலமான சுவர் இருந்தால் நன்றாக வேலை செய்யும். மெல்லிய இரும்புக் கம்பி, தொங்கும் சங்கிலி, சாய்வான பரப்பு, துணி இவற்றிலிருந்து எதிரொலி சரியாகத் திரும்பாது. மிக அருகில் இருக்கும் பொருளும் தெரியாது. சேறு அப்பினால் சொல்லவே வேண்டாம். வொர்க்ஷாப்புக்கு வரும் கதவுக் கீறல்களில் பெரும்பாலானவை கம்பத்திலும் தாழ்வான கட்டைச் சுவரிலும் பட்டவைதான். பெயிண்ட் போனால் திரும்ப அடித்துக்கொள்ளலாம் என்பதால் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். பின்னால் வரும் சைக்கிள்காரரைப் பார்த்துக் கதவைத் திறக்கவிடாமல் பிடித்துக்கொள்ளும் ரேடார் சில வண்டிகளில் இருக்கிறது. அது உண்மையிலேயே உயிர் காக்கிற விஷயம், அதை மனமாரப் பாராட்டுவேன்.

இப்போது எனக்குத் தூக்கம் வராத பகுதிக்கு வருகிறேன்.

எலக்ட்ரிக் காரில் பெரிய பேட்டரி ஒன்று, சின்ன பேட்டரி ஒன்று. வண்டியை ஓட்டுவது பெரியது. கதவு, பூட்டு, விளக்கு, கம்ப்யூட்டர் எல்லாம் ஓடுவது பழைய கார்களைப் போலவே 12 வோல்ட் அளவிலான சின்ன பேட்டரியில். பெரிய பேட்டரியை வண்டியோடு இணைக்கும் கான்டாக்டர்கள் என்ற சுவிட்சுகள் மூடுவதற்கும் சின்னதன் கரண்ட் வேண்டும். ஆகவே சின்னது செத்துவிட்டால், பெரியதில் 80 சதவீதம் சார்ஜ் இருந்தாலும் கதவுக்கு அது உதவாது. பெட்ரோல் வண்டியில் 12 வோல்ட் பேட்டரி சாகப் போகிறது என்றால் காலையில் ஸ்டார்ட்டர் இழுத்து இழுத்துச் சுற்றும், நமக்கே தெரிந்துவிடும். இங்கே ஸ்டார்ட்டரே கிடையாது. நேற்று எல்லாம் ஒழுங்காக இருந்த வண்டி இன்று கட்டையாகக் கிடக்கும்.

இது கற்பனைப் பயம் கிடையாது. அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்.எச்.டி.எஸ்.ஏ., 2025 செப்டம்பரில் டெஸ்லா மாடல் ஒய் 2021 வண்டிகள் சுமார் 1,74,000 மீது விசாரணை தொடங்கியது. பெற்றோர் இறங்கி, பின்சீட்டில் இருக்கும் குழந்தையை எடுக்கப் போனால் வெளியிலிருந்து கதவு திறக்கவில்லை. முதலில் வந்த 9 புகார்களில் 4 பேர் கண்ணாடியை உடைத்துத்தான் உள்ளே போயிருக்கிறார்கள். அதே ஆண்டு ஜூனில் ஃபோர்ட் நிறுவனம் மஸ்டாங் மாக்-ஈ வண்டிகள் சுமார் 1,97,000-ஐத் திரும்ப அழைத்தது. காரணம் அதேதான். 12 வோல்ட் இறங்கினால், பெரியவர் இறங்கிய பிறகு கதவு பூட்டியபடியே நின்று, உள்ளே குழந்தை மாட்டிக்கொள்ளலாம். இதற்கு நேர்மாறாகவும் நடந்திருக்கிறது. ஃபோக்ஸ்வாகன் ஐடி.4-ல் கைப்பிடியின் சர்க்யூட் போர்டுக்குள் தண்ணீர் இறங்கி, ஓடும்போதே கதவு திறந்துகொள்ளலாம் என்று 2024-ல் 98,000-க்கும் மேற்பட்ட வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. இவை எல்லாம் மோட்டார் வைத்த கதவுகள் இல்லை, கரண்டில் திறக்கும் லாட்ச் மட்டும்தான். மோட்டார் கதவில் இந்த லாட்ச்சும் உண்டு, அதற்கு மேல் மோட்டாரும் உண்டு.

டெஸ்லா மாடல் எக்ஸ் 2015-ல் வந்தபோது மேல்நோக்கி விரியும் அதன் பின்கதவுகளை எல்லோரும் வாய் பிளந்து பார்த்தார்கள். கரண்ட் இல்லாதபோது அந்தக் கதவை உள்ளேயிருந்து திறப்பதற்குக் கையேடு சொல்லும் வழி இது: கதவில் உள்ள ஸ்பீக்கர் மூடியைக் கழற்றி, அதற்குப் பின்னால் இருக்கும் கம்பியைக் கீழாகவும் வண்டியின் முன்பக்கமாகவும் இழுக்க வேண்டும். பிறகு கதவைக் கையால் தூக்க வேண்டும். புகை சூழ்ந்த வண்டிக்குள், தலைகீழாக, இருட்டில் இதை யார் செய்வார்கள்? வாடகைக்கு ஏறியவருக்கு இது எப்படித் தெரியும்?

கண்ணாடியை உடைத்துக்கொள்ளலாம் என்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சத்தம் உள்ளே வராமல் இருக்க இப்போது பல எலக்ட்ரிக் கார்களில் பக்கக் கண்ணாடியும் லேமினேட்டட்தான். இரண்டு கண்ணாடிக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் ஒட்டியது. அமெரிக்காவின் வாகன ஓட்டிகள் சங்கமான ஏ.ஏ.ஏ. 2019-ல் ஆறு கண்ணாடி உடைப்பான்களைச் சோதித்தது. உடைந்தால் சின்னச் சின்னத் துண்டுகளாக உதிரும் டெம்பர்டு கண்ணாடியை நான்கு உடைத்தன. லேமினேட்டட் கண்ணாடியை ஒன்றுகூட உடைக்கவில்லை. உங்கள் வண்டியின் ஒவ்வொரு கண்ணாடி ஓரத்திலும் சின்ன எழுத்தில் எந்த வகை என்று பொறித்திருக்கும். போய்ப் பாருங்கள். நாலும் ஒரே வகையாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. டெம்பர்டு எது என்று தெரிந்து வைத்துக்கொண்டால் எதை உடைப்பது என்று தெரியும்.

இதையெல்லாம் படித்துவிட்டு, மச்சானிடம் கேட்டுக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய வண்டியிலேயே சோதித்துப் பார்த்தேன். ஒரு பக்கக் கதவை முழுதாகத் திறந்து வைத்துவிட்டு, சின்ன பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றினேன். அத்தை பின்சீட்டில், மூடிய கதவின் பக்கம். அவசரத் திறப்பு எங்கே இருக்கிறது என்று முதலிலேயே காட்டியிருந்தேன். கை வைக்கும் பகுதிக்கு அடியில், நாணயம் அளவுக்கு ஒரு மூடி. அதே கறுப்பு நிறம், அதே சொரசொரப்பு, மேலே ஒரு குறிகூட இல்லை. நகத்தால் நெம்பித் திறந்தால் உள்ளே ஒரு கம்பி வளையம்.

அத்தை குனிந்து பார்த்தார். விரல் நுனியில் பலம் இல்லாததால் கட்டைவிரலின் பக்கவாட்டை வைத்துத் தேய்த்தார். மூடி அசையவில்லை. மூக்குக் கண்ணாடியின் காதுக் கம்பியைச் செருகப் பார்த்தார். கடைசியில் நானே மூடியை எடுத்துக் கொடுத்தேன். "இதுக்குள்ள என் விரல் நுழையாது மாப்பிள்ளை" என்றார். மச்சானின் மகள், பள்ளிக்கூடம் போகிற பிள்ளை, அவள் விரல் நுழைந்தது, வளையமும் கிடைத்தது, ஆனால் இழுக்கிற பலம் இல்லை. என் கைக்கு வந்தது. லாட்ச் விட்டது. அதன் பிறகும் கதவு லேசாகத் திறக்கவில்லை. கரண்ட் இல்லாத மோட்டாரையும் திருகுத் தண்டையும் பின்னுக்குச் சுற்றிக்கொண்டுதான் கதவு நகர வேண்டும், அதனால் தோளைக் கொடுத்துத் தள்ள வேண்டியிருந்தது.

பொத்தான் யாருக்காக வைக்கப்பட்டதோ, அவருக்குத்தான் அவசர வழி இல்லை. விரல் முடங்கியவர், குழந்தை, பலம் குறைந்தவர், இவர்களுக்காகவே மோட்டார் கதவு என்று விளம்பரம் சொல்கிறது. மோட்டார் நின்றதும் அதே கதவு, விரல் நுனியில் பலமும் கூர்மையான பார்வையும் உள்ளவருக்கு மட்டும் திறக்கிறது. இதை வரைந்தவர்களுக்கு இது எப்படித் தோன்றாமல் போனது என்று எனக்கு இன்றுவரை ஆற்றாமைதான். படங்களோடு கம்பெனிக்கு எழுதினேன். கையேட்டில் எந்தப் பக்கத்தில் இது விளக்கப்பட்டிருக்கிறது என்று பதில் வந்தது.

சீனா இந்த விஷயத்தில் முந்திக்கொண்டிருக்கிறது. அங்கே 2027 ஜனவரி 1 முதல் புதிய மாடல்களின் ஒவ்வொரு பயணிக் கதவிலும், உள்ளேயும் வெளியேயும், கரண்ட் இல்லாமல் வேலை செய்யும் திறப்பு இருக்க வேண்டும். வெளிக் கைப்பிடியில் கை நுழைய குறைந்தது 60 மில்லிமீட்டர் நீளம், 20 அகலம், 25 ஆழம் என்று அளவே எழுதியிருக்கிறார்கள். ஓர் அளவை எழுதி வைத்தால்தான் கம்பெனிகள் கேட்கும். உள் திறப்பை இழுக்க எவ்வளவு பலம் போதும் என்றும், அத்தை மாதிரி விரல்களால் அது முடியுமா என்றும் எல்லா நாட்டு விதிகளும் கேட்க வேண்டும் என்பது என் ஆசை.

வாங்குபவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். டெலிவரி எடுக்கும் முன், சின்ன பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி எல்லாக் கதவையும் உள்ளேயும் வெளியேயும் திறந்து காட்டச் சொல்லுங்கள். கழற்ற மாட்டோம் என்றால், ஒவ்வொரு சீட்டிலும் நீங்களே உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு அவசரத் திறப்பைத் தேடி இழுத்துப் பாருங்கள். சில வண்டிகளில் ஜன்னல் கண்ணாடி மூடியிருக்கும்போது அதை இழுத்தால் பீடிங்கில் கண்ணாடி மாட்டும், அதனால் கண்ணாடியை இறக்கிவிட்டுச் செய்யுங்கள். பானெட்டுக்கு அடியில் இருக்கும் சின்ன பேட்டரி செத்தால் அந்த பானெட்டை எப்படித் திறப்பது என்றும் கேளுங்கள். டெஸ்லா மாடல் 3, மாடல் ஒய் இரண்டிலும் முன் பம்பரில், வண்டியைக் கட்டி இழுக்கும் டோ கொக்கிக்கான மூடிக்குப் பின்னால் இரண்டு வயர்கள் இருக்கும், வெளியிலிருந்து 12 வோல்ட் கொடுத்தால் பானெட் திறக்கும். மற்ற வண்டிகளில் வேறு இடத்தில் இருக்கும்.

அத்தை இப்போது முன்சீட்டில்தான் உட்காருகிறார். அந்தக் கதவில் அவசரத் திறப்பு உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நெம்புகோல், மணிக்கட்டை அடியில் கொடுத்துத் தூக்கினால் லாட்ச் விட்டுவிடுகிறது. கரண்ட் இல்லாமல் அவரே செய்து பார்த்துவிட்டார், தள்ளுவதற்கு மட்டும் பக்கத்தில் ஒருவர் வேண்டும். பின்கதவில் மூடியை எடுத்துவிட்டு, கம்பி வளையத்தில் கெட்டியான நாடா ஒன்றைக் கட்டி, கை நுழைகிற அளவுக்கு ஒரு சுருக்கு போட்டிருக்கிறேன். இதைச் செய்ய நினைப்பவர்கள் கவனியுங்கள்: இந்தக் கம்பி சைல்டு லாக்கை மதிக்காது, ஓடும்போது இழுத்தாலும் கதவு திறக்கும். நாடா வெளியே தொங்கக் கூடாது. கதவுப் பைக்குள் மடித்து வெல்க்ரோவால் ஒட்டி வையுங்கள், கார் சீட்டில் கட்டியிருக்கும் சின்னக் குழந்தைக்கு எட்டாத பக்கமாக.